சாலைப் பாதுகாப்பு நிதி: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுஞ்சாலைத் துறையில் வரைபட மேசையில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவன் நான். வீடு தக்கலைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வீட்டு வராந்தாவில் யாராவது, தங்கள் ஊர்ச் சாலைக்கு விளக்கோ தடுப்புக் கம்பியோ கேமராவோ கேட்கும் ஒரு மனுவோடு காத்திருப்பார்கள். மறுநாள் திங்கள், நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். ஊர் மாறும், பெயர் மாறும், சந்தேகம் மட்டும் மாறுவதே இல்லை. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

"மானியம்னா உரத்துக்கும் ஆட்டுக்கும் குடுக்கதுதானே? ரோட்டுக்கு ஏது மானியம்?"

திருப்பிக் கட்ட வேண்டாத பணம், இன்ன வேலைக்கு என்று பெயர் எழுதி வரும் பணம். அவ்வளவுதான் மானியம். நம் ஆட்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். தார் போட வந்த பணத்தில் விளக்கு போட முடியாது, விளக்குக்கு வந்ததில் கேமரா வாங்க முடியாது. கஜானாவில் பணம் இருந்தும் உங்கள் வளைவு இருட்டாகவே கிடப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

"எந்தெந்தப் பணம் இருக்கு சார்? ஒரே மூச்சுல சொல்லுங்க."

ஒரே மூச்சில் முடியாது, இரண்டு மூச்சாகச் சொல்கிறேன். பெரிய பணம் முதலில். மாநில அரசின் சாலைப் பாதுகாப்பு நிதி இருக்கிறது. மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுக்கள் அனுப்பும் பட்டியலைப் பார்த்து ஒதுக்குவது. நெடுஞ்சாலைத் துறையின் ஒருங்கிணைந்த சாலை உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. பெட்ரோல், டீசலில் பிடிக்கும் வரியிலிருந்து வரும் மத்திய சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி ஒன்று. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது, 2018இல் பெயர் மாறியது. போதாததற்கு, 2022 ஜூனில் உலக வங்கி 7 மாநிலங்களின் சாலைப் பாதுகாப்புக்கு 25 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது, அதில் தமிழ்நாடும் உண்டு. ஆனால் அது மனு போட்டு வாங்கும் பணம் இல்லை.

சின்னப் பணம்தான் உங்களுக்குக் கைக்கெட்டுவது. எம்.பி. தொகுதி நிதி வருடத்துக்கு 5 கோடி. எம்.எல்.ஏ. தொகுதி நிதி தலைக்கு 3 கோடி. நம் மாவட்டத்தில் கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என்று ஆறு தொகுதி. ஊராட்சிகளுக்கு மத்திய நிதிக்குழு மானியம் உண்டு. 15ஆவது நிதிக்குழுக் காலத்தில் அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது, மீதி 40 சதவீதத்தைச் சம்பளமும் அலுவலகச் செலவும் நீங்கலாக ஊர்த் தேவைக்குச் செலவழிக்க முடிந்தது. ஊர்க்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் 'நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது. கம்பெனிகள் தரும் பணத்தைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

"ஹைவேஸ்ல கேட்டா பஞ்சாயத்துங்கான், பஞ்சாயத்துல கேட்டா ஹைவேஸுங்கான். எங்க ரோடு யாருக்குள்ளது?"

மைல்கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. மாவட்டச் சாலைகளில் கறுப்போ நீலமோ இருக்கும். கல்லே இல்லாத சாலை பெரும்பாலும் ஊராட்சி, பேரூராட்சி கணக்கில் இருக்கும்.

தேசிய நெடுஞ்சாலையிலும் ஒரு சிக்கல் உண்டு. காவல்கிணறு வழியாக இறங்கிவரும் நான்குவழிச் சாலை, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில். ஊர்களுக்கு உள்ளே போகும் பழைய சாலைகளில் சில நீளம் மாநிலத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்ப்பது. மஞ்சள் தலையைப் பார்த்ததும் டெல்லிக்கு எழுதிவிடாதீர்கள். உங்கள் பகுதி உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் சாலையின் பெயரையும் கிலோமீட்டரையும் சொல்லிக் கேட்டால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மனுவில் "சர்ச் பக்கத்து வளைவு" என்று எழுதினால் யாருக்கும் தெரியாது, "கி.மீ. 12/4" என்று எழுதினால் துறைக்கே தெரியும்.

"திருப்பதிசாரத்துல டோல் கட்டுதோம். அந்தக் காசுல லைட் போட்டுத் தரக் கூடாதா?"

அந்தக் காசு மாவட்டத்தில் தங்குவதில்லை. ஆனால் டோல் வசூலிக்கும் சாலையைப் பராமரிப்பது ஒப்பந்தக் கடமை; அணைந்த விளக்கு, பெயர்ந்த தடுப்புக் கம்பி, அழிந்த கோடு எல்லாம் அதில் அடங்கும். அதற்கு நிதி கேட்டு மனு எழுதுவது வீண் வேலை. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033க்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"பிளாக் ஸ்பாட்டுன்னா பத்து பேரு செத்தாத்தானா?"

இல்லை, அது இரண்டில் ஒரு கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிப்படி, தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து 5 நடந்திருந்தால் போதும். அல்லது மொத்தம் 10 பேர் இறந்திருக்க வேண்டும். கை கால் முறிந்ததும் கொடுங்காயம்தான். இந்தப் பட்டியலில் உங்கள் இடம் ஏறிவிட்டால் நிதிக்கு வரிசையில் முன்னால் நிற்கலாம்.

"எங்க வளைவுல மாசம் ரெண்டு வண்டி விழுது. ஸ்டேஷன்ல கேட்டா கணக்கே இல்லங்காங்க. அது எப்படி?"

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான். விழுந்தது உண்மை, எழுதியது யார்? பைக்கில் போன பையன் விழுகிறான். இடித்த காரின் ஆள் இறங்கி வருகிறார், இரண்டு பேருக்கும் தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருக்கிறார். "கேசுன்னு போனா அலைச்சல், ஆஸ்பத்திரிச் செலவு நான் பாத்துக்கிடுதேன்" என்று பேசி முடித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அது நியாயமாகத்தான் படும். ஆனால் அந்த விபத்து அரசாங்கத்தைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. மூன்று வருடத்தில் இருபது பேர் எலும்பு முறிந்து கிடந்த வளைவு, காகிதத்தில் மாவட்டத்திலேயே பத்திரமான வளைவு.

இப்போது விபத்து விவரங்களைப் போலீஸார் செல்போன் செயலியில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஏற்றுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து செய்த தரவுத்தளம் அது. எந்த இடத்துக்குப் பணம் என்று முடிவு செய்பவர்கள் திரையில் புள்ளிகளைத்தான் பார்க்கிறார்கள். புள்ளி இல்லாத இடத்துக்குப் பணம் இல்லை. பேசி முடித்த ஒவ்வொரு விபத்தும் அந்தத் திரையிலிருந்து ஒரு புள்ளியை அழிக்கிறது.

நான் வேலையில் இருந்தபோது ஒரு வளைவுக்குத் தடுப்புக் கம்பி கேட்டு ஊரே திரண்டு வந்தது. விபத்துப் பட்டியலை எடுத்தோம். மூன்று வருடத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் மாடு மேல் மோதியது. மேலே அனுப்பினோம், திரும்பி வந்தது. வந்தவர்களில் ஒருவர் கால் கம்பியோடு நடந்துகொண்டிருந்தார். அதே வளைவில் விழுந்தவர்தான், பேசி முடித்தவர்தான்.

"அடிபட்டவங்களைத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போவோம். அங்க வச்சு இறந்தா இங்க கணக்கு வருமா?"

வர வேண்டும். விபத்து நடந்த இடத்தின் ஸ்டேஷன்தான் அதைப் பதிவு செய்யும் இடம், இறந்த இடம் இல்லை. விபத்து நடந்த 30 நாளுக்குள் இறந்தால் அது விபத்து மரணமாகவே கணக்கிடப்படும். ஆனால் நம் மேற்குப் பகுதியில், மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம், இதில் ஒரு ஓட்டை உண்டு. முதலில் காய வழக்காக எழுதுவார்கள். இரண்டு வாரம் கழித்து எல்லைக்கு அந்தப் பக்கம் உயிர் போகும். அந்தத் தகவல் இங்கே வந்து வழக்கின் பிரிவு மாற வேண்டும். 2024 ஜூலை முதல் அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு. காகிதம் வர தாமதமானால் புள்ளிவிவரத்தில் அவர் இன்னும் காயம்பட்டவராகவே இருப்பார். குடும்பம் துக்கத்தில் இருக்கும்போது இதைக் கேட்பது கஷ்டம்தான். ஊர்க்காரர் யாராவது ஒருவர் ஸ்டேஷனில் போய்ப் பிரிவு மாறிவிட்டதா என்று கேட்டுவையுங்கள். இன்ஷூரன்ஸுக்கும் அது வேண்டும்.

"அந்த ரெக்கார்டை நாங்க எப்படி எடுக்கது?"

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கட்டணம், 30 நாள். மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "விபத்து விவரம் தருக" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். இன்ன சாலை, இந்தக் கிலோமீட்டரிலிருந்து அந்தக் கிலோமீட்டர் வரை, கடந்த மூன்று காலண்டர் ஆண்டுகள், வழக்கு எண், தேதி, நேரம், மரணமா கொடுங்காயமா. இவ்வளவு போதும். பெயர் கேட்க வேண்டாம், அதைக் காரணம் காட்டி மறுத்துவிடுவார்கள். நேரம் கேட்பது முக்கியம்: ராத்திரி விபத்து அதிகம் என்றால் விளக்கு கேட்கலாம், பள்ளிக்கூட நேரம் என்றால் வேறு.

"மனுவை யாருக்கு எழுதணும்? முதலமைச்சருக்கா?"

கலெக்டருக்கு, மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில். அந்த வார்த்தையை முகவரியிலேயே எழுதுங்கள், இல்லையென்றால் உங்கள் மனு நூறோடு நூற்றொன்று. எஸ்.பி., நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர் போன்றவர்கள் குழுவில் உட்காருவார்கள். ஒரு இடத்தைப் பற்றி எல்லாரும் ஒரே மேசையில் பேசும் ஒரே சந்தர்ப்பம் அது.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில், 2017 நவம்பர் 30 அன்று வந்த உத்தரவு இந்த மாவட்டக் குழுக்களையும் சாலைப் பாதுகாப்பு நிதியையும் கட்டாயமாக்கியது. ஆபரேஷன் தியேட்டரில் பார்த்துச் சலித்தவர் கோர்ட்டுக்குப் போனதால்தான் நம் மனுவுக்கு ஒரு முகவரி கிடைத்தது.

"ஸ்பீடு பிரேக்கர் கேட்டா தரமாட்டேங்காங்க. நாங்களே ராத்திரியோட ராத்திரியா போட்டா என்ன?"

போட்டவர் மேல் வழக்கு வரும், அது ஒரு பக்கம். நீங்கள் போடுவது ஸ்பீடு பிரேக்கராக இருக்காது, அதுதான் பெரிய பிரச்சினை. இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மேலே வளைவு. ஊர்க்காரர்கள் போடுவது ஒரு முழ அகலத்தில் சிமென்ட் வரப்பு. பெயின்டும் இல்லை, முன்னெச்சரிக்கைப் பலகையும் இல்லை. மழை இருட்டில் அதில் முதலில் விழுவது பின்சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து போகும் பெண்கள்தான்.

தேசிய நெடுஞ்சாலையில் அது கிடைக்கவே கிடைக்காது. அங்கே வேண்டுமானால் தடித்த குறுக்குக் கோடுகள், மஞ்சள் மினுக்கு விளக்கு, சாலையில் பதிக்கும் ஒளிக்குமிழ் கேளுங்கள். செலவும் குறைவு, அனுமதியும் எளிது.

"வளைவையே நேராக்க நிதி வாங்கலாமா?"

வாங்கலாம், நிலம் யார் தருவார்? நம் மாவட்டத்தில் வயலும் விளையும் சென்ட் கணக்கில் பேசுவது. வளைவின் மூலையில் பெரும்பாலும் ஒரு குருசடியோ, கோயில் ஆர்ச்சோ, நாலு கடையோ இருக்கும். எம்.பி. நிதியில் நிலம் வாங்க முடியாது. நில எடுப்பு என்று போனால் உங்கள் பிள்ளை கல்லூரி முடிப்பதற்குள் வராது.

அதற்குப் பதில் அம்புக்குறிப் பலகை வரிசையாக, ஓரத்தில் வெள்ளைக்கோடு, பள்ளத்துப் பக்கம் தடுப்புக் கம்பி, பார்வையை மறைக்கும் செடிகொடி வெட்டுவது. இவை நேராக்காத வளைவிலும் உயிரைக் காக்கும். குவி ஆடி கேட்பவர்கள் அதிகம். சின்னச் சந்துக்கு நல்லது, வேகச் சாலையில் தூரத்தைத் தப்பாகக் காட்டும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"சாரே, பார்டருக்கு அங்கோட்டு ஏ.ஐ. கேமரா இருக்கு. இங்க மட்டும் ஏன் இல்ல?"

களியக்காவிளைக்காரர்கள் எல்லாரும் இதைக் கேட்டாகிவிட்டது. கேரளம் மாநிலம் முழுவதும் 726 கேமரா வைத்து, 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடத் தொடங்கியது. அது மானியப் பணம் இல்லை. கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் முதலில் செலவழித்து, மாநில அரசு தவணையாகத் திருப்பித் தரும் ஏற்பாடு. அவர்கள் ஒரே ஏற்பாடாகச் செய்ததை நாம் துண்டு துண்டாக ஒரு ஊருக்கு ஒரு கேமரா என்று கேட்கிறோம். துண்டாகக் கேட்டால் துண்டாகத்தான் வரும்.

"எங்க வியாபாரிகள் சங்கம் வச்ச சி.சி.டி.வி.யில அபராதம் போட முடியாதா?"

முடியாது. திருடனைப் பிடிக்கவும், இடித்துவிட்டு ஓடிய வண்டியைத் தேடவும் அது உதவும். அபராதத்துக்கு மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ இருக்கிறது, 2021 ஆகஸ்டில் வந்தது. கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும், அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே பலகை வைக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். ஆகவே கேமராவுக்கு நிதி கேட்கும்போது கருவியின் விலையை மட்டும் எழுதினால் போதாது. சான்றிதழ், இணைய இணைப்பு, படத்தைப் பார்த்து நோட்டீஸ் அனுப்பும் ஆள், மூன்றுக்கும் சேர்த்து எழுதுங்கள்.

"டாரஸ் லாரியைக் கேமரா என்ன செய்யும்?"

வேகத்தைப் பிடிக்கும், பாரத்தைப் பிடிக்காது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி மேற்கே போகும் டாரஸுக்கு வேண்டியது ஓடும்போதே எடை பார்க்கும் கருவி, சாலையில் பதிப்பது. மேலே சொன்ன 167ஏ விதி அதையும் மின்னணுக் கண்காணிப்பில் சேர்த்திருக்கிறது. விலை அதிகம், ஊர்ப் பணத்தில் ஆகாது. எல்லைக்குப் போகும் முக்கியச் சாலைகளில் ஒன்றிரண்டு இடத்துக்கு மாவட்டக் குழு வழியாகச் சாலைப் பாதுகாப்பு நிதியில் கேட்கலாம். ஊருக்கு ஒன்று கேட்டால் யாருக்கும் வராது.

"ஹைமாஸ் லைட் வந்துது, ஆறு மாசத்துல அணைஞ்சுது. திரும்ப நிதி கேக்கலாமா?"

புது விளக்குக்குக் கிடைக்கும், பழையதைச் சரிசெய்யக் கிடைக்காது. சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான். எம்.பி., எம்.எல்.ஏ. நிதி எல்லாம் சொத்து உருவாக்கும் பணம். கரண்ட் பில்லும் பல்பும் அதில் வராது. விளக்கு நட்ட அன்றே அதை ஏற்றுக்கொள்வதாகப் பேரூராட்சியோ ஊராட்சியோ தீர்மானம் போட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சந்திப்பில் திறப்பு விழாக் கல்வெட்டு இருந்தது, தீர்மானம் இல்லை. மின் இணைப்பு யார் பேரில் என்பதே ஒரு வருடம் ஓடியது.

கடற்கரைச் சாலையில் இன்னொரு விஷயம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் உப்புக்காற்றில் சாதா இரும்புக் கம்பம் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். மதிப்பீட்டில் துத்தநாக முலாம் பூசிய கம்பம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சோலார் மினுக்கு விளக்கு என்றால் பேட்டரி மாற்றும் பொறுப்பு எத்தனை வருடம் ஒப்பந்தக்காரருக்கு என்று கேளுங்கள். நமக்கு இரண்டு மழைக்காலம், மேகமூட்டமும் அதிகம்.

"ஒரு கம்பெனி பேரிகேடு தாறோம்ங்கு. வாங்கலாமா?"

வாங்கலாம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135இன் கீழ் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு, ஓட்டுநர் பயிற்சி போன்றவை அதில் அடங்கும் என்று 2014 ஜூனிலேயே மத்திய அரசு விளக்கம் தந்துவிட்டது. ஆனால் பேரிகேடில் பாதி இடத்தை விளம்பரம் பிடித்துக்கொண்டு, ஒளிரும் பட்டை மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கே வைப்பது என்பதைப் போலீஸும் நெடுஞ்சாலைத் துறையும் சொல்ல வேண்டும், கொடுத்தவர் சொல்லக் கூடாது.

"மார்ச்சுல பணம் திரும்பிப் போயிட்டுன்னு சொல்லுதாங்க. நெசமா?"

பல நேரம் நிஜம். மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று படி படியாக ஏறுவதற்குள் நிதியாண்டு முடிந்துவிடும். முந்தைய பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணையும் நிற்கும். ஜூனில் மனு கொடுத்தவருக்கு வாய்ப்பு உண்டு. ஜனவரியில் கொடுப்பவர் அடுத்த வருடத்துக்குக் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

"ரோடு போட்டவன் பிழையால செத்தா யாரு பொறுப்பு?"

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அதிகாரிக்கோ, ஒப்பந்தக்காரருக்கோ, ஆலோசகருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை சின்னது. ஆனால் மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் பதில் கொஞ்சம் வேகமாக வருகிறது, அனுபவத்தில் சொல்கிறேன்.

"அடிபட்டவங்களுக்கு இந்த நிதியிலருந்து ஏதாவது கிடைக்குமா?"

இதிலிருந்து இல்லை, அவை வேறு கணக்கு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025இல் வந்த மத்தியத் திட்டத்தில் 7 நாள் வரை, 1.5 லட்சம் வரை. இடித்த வண்டி தெரியாமலே போனால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்பதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 134ஏ. ஆனால் மேலே சொன்னதுதான்: இழப்பீட்டுக்கும் வழக்கு பதிவாகியிருக்க வேண்டும்.

"கேமரா வந்தா முதல்ல எம் பையனுக்குத்தான் அபராதம் வரும். பொறவு நான் எதுக்கு மனு போடணும்?"

வரும். ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய், மூணு பேர் போனால் அதற்குத் தனி. கேட்டவர் மனுவில் கையெழுத்துப் போடாமல் போனார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து, கேமராவை வெட்டிவிட்டு விளக்கு மட்டும் கேட்கும்படி எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.